நிற்கிற கேஜுக்கு ஒரு மணி

பழைய தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில் ஒன்றுக்குச் சொந்தமாக ஒரு சவ வண்டி உண்டு. அந்த ஊரில் அதை யாரும் சவ வண்டி என்று சொல்வதில்லை. 'கேஜ்' என்பார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களை ஷாஃப்ட்டுக்குள் இறக்கிய இரும்புக் கூண்டுக்கு அந்தப் பெயர். இந்த வண்டியும் ஆளை அண்டர்கிரவுண்டுக்குத்தான் அனுப்புகிறது. திரும்ப மேலே ஏற்றிக்கொண்டு வரும் பொறுப்பு மட்டும் இதற்கு இல்லை. அதைக் கோயில் வேறு ஒருவரிடம் விட்டிருக்கிறது.

கேஜின் டிரைவர் சிரில். அவன் அப்பா வைண்டராக இருந்தவர். அதாவது, கேஜை ஏற்றி இறக்கும் ராட்சத இன்ஜினை ஓட்டியவர். கேஜும் அவர் கண்ணுக்குத் தெரியாது, அதில் நிற்கும் ஆளும் தெரியாது. காதில் விழும் மணி ஒன்றுதான். ஓடுகிற கேஜிலிருந்து ஒரு மணி வந்தால் நிறுத்து. நிற்கிற கேஜிலிருந்து அதே ஒரு மணி வந்தால் மேலே ஏற்று. இரண்டு வந்தால் கீழே இறக்கு. மூன்று வந்தால் ஆள் ஏறுகிறது, பார்த்து நடந்துகொள். வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதவர் யார்? சிரிலின் அம்மா டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால், உட்கார்ந்திருக்கும் அப்பா எழுந்துவிடுவார். நடந்துகொண்டிருந்தால் அப்படியே நின்றுவிடுவார். அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டதே இல்லை. டம்ளர்கள்தான் அடிக்கடி நசுங்கின.

சிரில் ஆளாவதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊரோடு சேர்ந்து அவனும் விடியற்கால ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வர ஆரம்பித்தான். இப்போது பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் லிஃப்ட் மெக்கானிக். அப்பா பசித்தவர்களைப் பாதாளத்துக்கு இறக்கினார். பிள்ளை சாப்பிட்டவர்களை மாடிக்கு ஏற்றுகிறான். அங்கே அவனுக்குப் பெயர் கிடையாது. "ஏய் லிஃப்ட்" என்று கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்து, லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையோடு கேஜின் ஸ்டியரிங்கைப் பிடித்தானானால், கதையே வேறு. பஸ் ஒதுங்கும். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். அவன் ஃபர்ஸ்ட் கியரில் போக, ஊரே பின்னால் நடந்து வரும். அவ்வளவு கூட்டத்தைப் பின்னால் நடக்கவைக்க அரசியல்வாதி பிரியாணி போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கேஜுக்குத்தான் ஆபத்து வந்தது.

தவக்காலத்தில் ஒரு அடக்கத்தின்போது ஏற்றத்தில் வண்டி இருமி, முனகி, செத்துப்போனது. உள்ளே ஒருவர், வெளியே ஒன்று. துக்கத்துக்கு வந்தவர்களே தள்ளினார்கள். இறந்தவரின் மாப்பிள்ளை, மாமனார் இருந்தபோது ஒரு சிலிண்டர்கூடத் தூக்கிக் கொடுத்திராதவர், அன்று மூச்சு வாங்கத் தள்ளினார். பார்த்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேறு எதையோ அடக்க ஆரம்பித்தார்கள்.

கோயிலின் அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் செயலாளர் கிளமெண்ட் எழுந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக ஏறி, டிக்கெட் செக்கராக இறங்கியவர். ரிட்டயர் ஆகிப் பல காலம் ஆகியும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கும் பார்வைதான்.

"பெங்களூர்ல இருந்து வாடகைக்கு வண்டி வரும். ஏசி. கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீல லைட்டு. அதுவே பாடும்."

"அடக்கத்துக்கா சார், ரிசப்ஷனுக்கா?" என்றான் சிரில்.

"சிரில், ரூல்ஸ்னா ரூல்ஸ். ஓடாத வண்டிய கோயில் வச்சுக்க முடியாது."

"இன்ஜின்தான சார் போச்சு? வேற இன்ஜின் வச்சுத் தர்றேன்."

கிளமெண்ட் யோசித்தார். செக்கருக்கு ஒரு பலவீனம் உண்டு, பரீட்சை வைக்கச் சொன்னால் மறுக்கத் தெரியாது. "வை. வச்சு டிரையல் காட்டு. கோயில் வாசல்ல இருந்து கல்லறை கேட் வரைக்கும், ஆளு லோடோட. நடுவுல ஒரு தரம் வண்டி நின்னாலும் நேரா காயலான் கடை."

சிரிலின் மனைவி ஸ்வீட்டி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என் மிக்ஸி நின்னுபோயி ரெண்டு மாசம் ஆவுது. நானும் செத்தாத்தான் பாப்ப போல."

இன்ஜின் கிடைத்தது. பங்காருப்பேட்டை ரோட்டில் பின்பக்கம் நொறுங்கிப்போன ஒரு பிக்கப் வண்டியின் டீசல் இன்ஜின். பழையதைவிட வாட்டசாட்டம். கேஜின் மூக்குக்குள் அதை இறக்கியபோதுதான் தெரிந்தது, ஏர் ஃபில்டரும் அதன் தும்பிக்கையும் சரியாகப் பேட்டரி இருந்த இடத்தில் வந்து உட்கார்கின்றன. ஒன்று பேட்டரி இருக்கலாம், இல்லை வண்டி மூச்சு விடலாம்.

மைசூர் மைன்ஸ் பகுதியில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். சிரிலோடு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஃபெயில் ஆனவன்.

"பேட்டரிய பின்னாடி கொண்டுபோ குரு. டிரைவர் சீட்டுக்கு அடியில வை."

"அங்க ஜாக்கி கீது, டூல்ஸ் கீது."

"அப்ப எங்க வப்ப? மடியிலயா?"

சிரில் வண்டியின் பின்பக்கம் போனான். பெட்டி வைக்கும் பலகையைத் தூக்கினான். அடியில் தாராளமாக இடம் இருந்தது.

"இங்க."

"பாடிக்கு அடியிலயா?" வேலு பின்வாங்கினான். "கரண்ட் கிரண்ட் அடிச்சா?"

"யாருக்கு அடிக்கும்? அடிச்சாத்தான் இன்னா ஆவும்?"

வேலு ஸ்பேனரை எடுத்தான். இறங்கி வேலை செய்தார்கள். தரையில் இரும்புத் தட்டு வெல்டு வைத்து, பேட்டரியைப் பட்டை போட்டு இறுக்கினார்கள். பெருவிரல் பருமன் கேபிள் ஒன்றைச் சேஸிஸ் ஓரமாகவே, சைலன்சரிடமிருந்து தள்ளி, கிளாம்பு போட்டு முன்னால் செல்ஃப் மோட்டார் வரை இழுத்தார்கள். தகட்டைத் துளைக்கும் இடத்தில் கேபிளை அறுத்துவிடாமல் ரப்பர் வளையம். பிளஸ் கம்பியில் ஒரு பெரிய ஃப்யூஸ். மைனஸ் கம்பிக்குச் சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, போல்ட்டு. பேட்டரியின் தலைக்கும் பலகைக்கும் நடுவில் சிரில் விரலை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல் தாராளமாகப் போனது. போதும் என்று விட்டுவிட்டான்.

முதல் தடவை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சுற்றவில்லை. ஆக்ஸிலரேட்டர் கேபிள் புகைந்தது. வேலு தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்ஜினுக்கு எர்த்து எங்கடா? பேட்டரிக்கும் சேஸிஸுக்கும் குடுத்த, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் யாரு குடுப்பா? வழி இல்லாம கரண்ட் கேபிள் மேல ஏறிப்போவுது பாரு. ஊருக்கெல்லாம் எர்த்து குடுக்கற வண்டிக்கு எர்த்து குடுக்க மறந்த ஒரே ஆளு நீதான்டா!"

ஒரு பட்டைக் கம்பியை மாட்டினார்கள். அடுத்த திருப்பில் இன்ஜின் உறுமியது. சத்தம் கொஞ்சம் அதிகம்தான். சாலையில் போனால், செத்தவரைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி டிரையல். அதற்கு ஆள் வேண்டும். ஊரில் ஒருவரும் சாகவில்லை.

சிரில் நல்லவன், யாரும் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் இருமினால் அவன் முகத்தில் ஒரு அக்கறை வந்ததைச் சிலர் கவனித்தார்கள். "சௌக்கியமா?" என்று கேட்டால் பெரியவர்கள் "நல்லாத்தான் கீறேன், நீ போ" என்று அவசரமாகச் சொன்னார்கள். மணல் மூட்டையை ஏற்றி ஓட்டிக் காட்டலாம் என்று கேட்டுப் பார்த்தான். கிளமெண்ட் கொதித்துவிட்டார். "நம்ம ஜனங்க கடைசியா படுக்கற எடத்துல மணல் மூட்டையா? மரியாதை இல்ல?"

படுத்த படுக்கையாக இருக்கும் சுரங்கத்துக் குடும்பத்துக் கிழவி மரியகுழந்தையைப் பார்க்கப் போனான். மழைக்காலம் வந்தாலே அவருக்கு இன்றோ நாளையோ என்று ஆகிவிடும். ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் தடவி நோயில்பூசுதல் கொடுப்பார். மறுநாள் எழுந்து மீன் கேட்பார். கோயில் எண்ணெயில் பாதி அவர் நெற்றிக்கே செலவாகியிருந்தது.

"இன்னாடா சிரிலு, அளவெடுக்க வந்தியா?"

"சும்மா பாக்க வந்தேன் ஆன்ட்டி."

"சும்மா பாக்க வர்றவன் கால்ல இருந்து தல வரைக்கும் ஏன்டா பாக்கற?"

சிரில் அசடு வழிந்து, நடந்ததைச் சொன்னான். கிளமெண்டின் நிபந்தனை, மணல் மூட்டை, நீல லைட்டு எல்லாவற்றையும். நீல லைட்டு என்றதும் கிழவியின் முகம் மாறியது.

"நான் இன்னா ஐஸ்கிரீமா, கண்ணாடிப் பெட்டியில வக்கறதுக்கு? லோடுதான வேணும்? நான் வந்து படுக்கறேன் வா."

"ஐயோ, உயிரோடயா?"

"செத்தப்புறம் வந்தா நல்லா இருந்துச்சா இல்லியான்னு யாருடா சொல்லுவா?"

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் கேஜின் பின்கதவைத் திறந்தார்கள். மரியகுழந்தை நல்ல சேலை கட்டி, பவுடர் பூசி, தலையணை கேட்டு வாங்கிக்கொண்டு பலகையில் கால் நீட்டி உட்கார்ந்தார். பக்கத்து பெஞ்சில், பெட்டி தூக்குகிறவர்கள் உட்காரும் இடத்தில், கிளமெண்ட் வெள்ளை பேண்ட்டோடு ஏறினார். "செக்கிங்கு எப்பவும் பின்னாடிதான்" என்றார். சிரிலும் வேலுவும் முன்னால். பேரவைக்காரர்களும் பாடகர் குழுவும் கல்லறை கேட்டில் முடிவைப் பார்க்க முன்கூட்டியே போய்விட்டார்கள். வெளியே இருந்து கதவைத் தாழ் போட்டார்கள். உள்ளே தாழ் கிடையாது. உள்ளே இருந்து திறக்க வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இரும்புத் தகடு. அதன் வழியாக ஒரு கயிறு, டிரைவர் காதருகே வெண்கல மணி. பின்னால் எப்போதும் பழைய சுரங்கத்து ஆட்கள்தான் உட்காருவார்கள் என்பதால், சுரங்கத்து மணிக் கணக்கே வண்டிக்கும். நிற்கும்போது ஒரு மணி கேட்டால் கிளம்புவதும், ஓடும்போது கேட்டால் நிற்பதும், இரண்டு கேட்டால் பின்னால் எடுப்பதும் சிரிலுக்கு ரத்தத்தில் ஊறியவை.

கிளமெண்டுக்கும் மணி ரத்தத்தில் ஊறியதுதான். ஆனால் அது பஸ் ரத்தம். ஒன்று அடித்தால் நில். இரண்டு அடித்தால் ரைட், போலாம். அவர் கயிற்றைப் பிடித்து இரண்டு அடித்தார்.

கேஜ் கம்பீரமாகப் பின்னால் போய், கோயில் தொட்டிச் செடிகளை நசுக்கி நின்றது.

"ஒண்ணு அடி கிளமெண்டு! நிக்கற கேஜுக்கு ஒண்ணு!" என்றார் மரியகுழந்தை.

"அக்கா, சர்வீஸ் பூரா மணி அடிச்சவன் நானு. ஒண்ணு அடிச்சா நிக்கணும்."

"நிக்கறதுதான நிக்குது? அடி!"

ஒன்று அடித்தார். வண்டி முன்னால் கிளம்பியது. டிரைவருக்கு மூளை சரியில்லை என்று கிளமெண்ட் முடிவு கட்டிக்கொண்டார்.

ஏற்றத்தில் இன்ஜின் பாடிக்கொண்டே ஏறியது. சிரில் ஸ்டியரிங்கைத் தடவினான். "கேட்டியாடா சத்தத்த?" "காது போவுது" என்றான் வேலு. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் கேஜைப் பார்த்து எழுந்து சிலுவை போட்டார். ஜன்னலுக்குள் மரியகுழந்தை அவருக்குக் கை அசைத்தார். மனிதர் திரும்ப உட்காருவதற்கு வெகுநேரம் ஆகியிருக்கும்.

ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வண்டி குதித்தது. பலகைக்கு அடியில், கரையான் ஏறாமலிருக்க எந்தக் காலத்திலோ அடித்த துத்தநாகத் தகடு ஒன்று, வண்டியின் இரும்பைத் தொட்டபடி, இருந்தது. வெறும் பலகை இரண்டு விரல் உயரத்தில் நின்றது உண்மைதான். ஆனால் மழைக்காலத்துக்கு மழைக்காலம் செத்துப் பிழைத்து மீன் சாப்பிட்ட ஒரு பெண்மணி ஏறி உட்கார்ந்த பலகை அந்த இரண்டு விரலையும் தின்றுவிட்டது. தகடு பேட்டரியின் பிளஸ் முனையை முத்தமிட்டது. சடார். ஃப்யூஸ் இருந்தது, ஆனால் விஷயம் ஃப்யூஸ் வரைக்கும் போகவே இல்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு சடார், ஒரு பொறி, கொஞ்சம் புகை.

கிளமெண்ட் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். ஓடுகிற கேஜுக்கு ஒரு மணி. சிரில் நிறுத்தினான்.

"கதவத் தொறடா!" என்று கத்தினார். இன்ஜின் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. கூப்பிடுவதற்காக ஒரு மணி அடித்தார். நிற்கிற கேஜுக்கு ஒரு மணி. சிரில் கிளம்பினான்.

"நில்லுடா!" ஒரு மணி. நின்றான். "தொறடா!" ஒரு மணி. கிளம்பினான்.

முன்னால் வேலு கேட்டான்: "இப்ப ஏன் நின்ன?"

"மணி அடிச்சாங்க."

"அப்புறம் ஏன் போற?"

"மணி அடிச்சாங்க."

"இன்னாதான் வேணுமாம் அவருக்கு?"

"டெஸ்ட் பண்றாரு குரு. செக்கர் இல்ல?"

பதற்றத்தில் கிளமெண்ட் இரண்டு அடித்தார். வண்டி பின்னால் பாய, பின்னால் வந்துகொண்டிருந்த ஸ்கூட்டர்காரன் கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தான். இன்னும் இரண்டு தனித்தனி மணிகளில் வண்டி நின்று, திரும்ப முன்னால் போனது. கிளமெண்ட் கண்ணாடியைக் கையால் குத்தினார். சவ வண்டிக்குள்ளிருந்து கண்ணாடியைக் குத்துகிற மனிதரைப் பார்த்த பேத்தமங்களா பஸ் பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.

மரியகுழந்தை எழுந்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். புகை நின்றது.

"பாத்தியா? எழுந்தா நிக்குது. பலக தாழுது, அடியில இன்னாமோ தொடுது."

"அதெப்படி அக்கா..." என்று குனிந்த கிளமெண்டை அடுத்த குழி தூக்கிப் பலகைமேல் உட்காரவைத்தது. அவர் மரியகுழந்தையைவிட நல்ல எடை. மேலிருந்து தகட்டோடு சேர்த்து அடித்திருந்த ஆணிகளின் தலைகள் பலகைக்கு மேல் எட்டிப் பார்த்தன. அவை இதற்குள் நன்றாகச் சூடேறியிருந்தன. கிளமெண்ட் எழுந்த வேகத்தில் தலை கூரையில் மோதியது. கை தானாகக் கயிற்றுக்குப் போனது.

மரியகுழந்தை அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். மறுகையால் கயிற்றை ஒரே ஒரு இழுப்பு. வண்டி நின்றது.

"இனிமே சும்மா இரு. மணி அடிச்சிட்டா வாய மூடிக்கினு இருக்கணும். அது தெரியாதவன்லாம் அண்டர்கிரவுண்டுக்குப் போவக் கூடாது."

அடுத்த மணி வரவில்லை. வெகுநேரமாக வரவில்லை என்றதும் சிரிலுக்குச் சந்தேகம் வந்து, இறங்கிப்போய்க் கதவைத் திறந்தான். புகை முதலில் வந்தது. பிறகு கிளமெண்ட் வந்தார்.

"நின்னுச்சு! எத்தினி தரம் நின்னுச்சு! காயலான் கட! நாளைக்கே!"

சிரில் உள்ளே ஏறினான். பலகையைத் தூக்கிப் பார்த்தான். கருகிய தகடு, மூளியான பிளஸ் முனை. அடுத்த சாவுக்கு ஊர் ஒரு நீல லைட்டின் பின்னால் நடக்கும். அவன் சட்டையை மடித்து வைத்துவிட்டு ரயில் ஏறுவான்.

"வண்டி எங்க நின்னுச்சு?" என்றார் மரியகுழந்தை உள்ளேயிருந்து. "நீ அடிச்ச, அது நின்னுச்சு. நீ அடிச்ச, அது போச்சு. சொன்ன பேச்சு கேக்கற வண்டிய எவன்டா விப்பான்? என் பிள்ளைங்ககூட அப்பிடி கேக்கல."

"புகை?"

"அது ஒயரு. நீ சொன்னது நிக்கறதப் பத்தி. ரூல்ஸ்னா ரூல்ஸ்."

வேலு அதற்குள் கடப்பாரையால் தகட்டைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்திருந்தான். சிரில் பழைய டியூபை வெட்டிப் பேட்டரியின் தலையில் இரண்டு மடிப்பாகக் கட்டினான். "சார், கேட் இன்னும் வரல. டிரையல் முடியல. முன்னாடி வர்றீங்களா?"

கிளமெண்ட் முன்சீட்டைப் பார்த்தார். அங்கே போக, எதிரே இருந்த இன்னொரு டீக்கடை முழுவதும் பார்க்க வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும். பேண்ட்டின் பின்பக்கத்தில் ஆணித் தலை அளவில் வரிசையாக ஓட்டைகள். அவர் பின்னாலேயே ஏறிக்கொண்டார். மரியகுழந்தை பலகையில் கால் நீட்டிப் படுத்தேவிட்டார். கிளமெண்ட் உட்காரவில்லை. கயிற்றை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மிச்ச தூரம் முழுக்க ஒரு சடாரும் இல்லை. கேஜ் குழிகளில் இறங்கி ஏறி, கல்லறை கேட்டில் போய் நின்றது. பாடகர் குழுவின் லூயிசா ஓடிவந்து பின்கதவைத் திறந்தாள். கிளமெண்ட் கைக்குட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, யாருக்கும் முதுகைக் காட்டாமல், நண்டு போல இறங்கினார். பேரவைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா சார், வழியில நின்னுச்சா?"

சிரில் ஸ்டியரிங்கை விடாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தான். கிளமெண்ட் வாயைத் திறந்தார். அதே நேரம் உள்ளே மரியகுழந்தை கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, முழுக்கதையையும் ஆதியிலிருந்து சொல்லத் தோதாகச் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"நிக்கல" என்றார் கிளமெண்ட். "வண்டி ஓடுது. வச்சுக்கலாம்."

சிரில் இன்ஜினை அணைத்தான். திடீரென்று வந்த அமைதியில் லூயிசா ஆர்வம் தாங்காமல் கேட்டாள்: "உள்ள எப்பிடி சார் இருந்துச்சு?"

கிளமெண்ட் கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் சூடு" என்றார்.